எழுதப்படாத மூன்று தொகுதிகள்

பாடகர் ஒருவர் அமீர் குஸ்ரூவிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தார். கவிதைக் கலையினும் இசைக் கலையே உயர்ந்தது என்பது அவர் கட்சி. கவிதையை எவரும் தாளில் எழுதிவைத்துவிடலாம். இசையின் நுட்பமோ எந்த எழுத்துக்கும் பிடிபடாதது. பிடிபடாத ஒன்றே அரியது என்று அவர் வாதிட்டார். அவ்வாதத்தையும் அதற்குத் தாம் அளித்த மறுமொழியையும் குஸ்ரூ ஒரு சிறு பாரசீகக் கவிதையாக யாத்து வைத்திருக்கிறார்.

தாம் இரு கலைகளிலும் தேர்ந்தவர் என்றும், இரண்டையும் தக்கவாறு எடைபோட்டுப் பார்த்தவர் என்றும் கூறிக்கொண்டு அவர் விடையைத் தொடங்குகிறார். கவிதையில் மூன்று தொகுதிகள் ஆக்கியாயிற்று. இசையும் எழுத்தில் அடங்கும் பொருளாயின் அதிலும் மூன்று தொகுதிகள் ஆகியிருக்கும் என்கிறார். பின்னர் தீர்ப்புரைக்கிறார். பாடுவோர் இல்லாமலும் கவிதைக்குப் பொருள் உண்டு. சொல்லை நீக்கிவிட்டு ஒருவர் எத்துணை நேரம் குரலை ஏற்றி இறக்கினும் அதில் பொருள் பிறப்பதில்லை. ஆகவே கவிதை மணமகள். இசை அவளுக்குப் பூட்டும் அணிகலன். அணி பூணாவிடினும் மணமகளின் அழகுக்குக் குறைவில்லை. இதுவே அவர் கருத்தின் சாரம்.

வாதத்தைத் தொடுத்தவர் வாயடைத்துப் போயிருக்கலாம். ஆனால், எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அக்கவிதையைப் படிக்கும் நமக்கு ஒரு வினா எழுகிறது. எழுதப்பட்ட மூன்று தொகுதிகள் பின்னர் ஐந்தாயின. அவற்றோடு பத்துக்கும் மேற்பட்ட பிற நூல்களும் சேர்ந்தன. அவையெல்லாம் நூலகங்களில் ஆய்வாளரை எதிர்நோக்கிக் கிடக்க, குஸ்ரூவின் பெயரைப் பாமரரும் அறிவது பாட்டினால் அன்றோ? தில்லியில் ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களின் அடக்கத் தலத்து முற்றத்தில் கவ்வாலி பாடுவோரின் குரலில் வாழும் குஸ்ரூவைத்தான் உலகம் அறியும். அங்ஙனமாயின் அவர் தம் கலைகளை எடைபோட்டதில் பிழை நேர்ந்ததா? பல கலைகளைக் கையாண்ட ஒருவர் தம்மைத் தாமே மதிப்பிட்ட முறை எத்தகையது? இவ்வினாக்களுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

பருவத்துக்கொரு பெயர்

குஸ்ரூ 1253 ஆம் ஆண்டு, இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள பட்டியாலி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சைபுத்தீன் மஹ்மூத் துருக்கியர், தாயோ இந்நாட்டவர். எட்டு வயதளவில் தந்தையை இழந்து தாய்வழிப் பாட்டனார் இமாதுல் முல்க்கின் இல்லத்தில் வளர்ந்தார். கற்றோரும் கலைஞரும் வந்து செல்லும் பெரிய இல்லம் அது.

அவருடைய இளமைக் காட்சியொன்றை அவரே முதல் தீவானின் முன்னுரையில் தீட்டிக் காட்டுகிறார். எழுத்துப் பயிற்சி அளித்த ஆசிரியர் சிறுவனாகிய அவரைப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். பெரியவர் ஒரு கவிதை நூலை நீட்டிப் படிக்கச் சொல்கிறார். சிறுவன் இனிய குரலில் இசையோடு படிக்க, அங்கிருந்தோர் கண் கலங்குகின்றனர். படிப்பது எளிது, பாடல் புனையத் தெரியுமா என்று பாருங்கள் என்கிறார் ஆசிரியர். உடனே பெரியவர் முடி, முட்டை, அம்பு, முலாம்பழம் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு பொருள்களைத் தந்து ஒரே பாடலில் அமைக்கச் சொல்ல, சிறுவன் அப்பொழுதே அமைத்துக் காட்டுகிறான்.

இந்நிகழ்ச்சியைப் பலர் கவித்திறனுக்குச் சான்றாக மட்டும் எடுத்துக்காட்டுவர். நாம் கவனிக்க வேண்டியது அதன் வரிசை முறையை. முதலில் குரல் அவையை வென்றது. பிறகுதான் சொல் சோதிக்கப்பட்டது. பின்னாளில் பாடகரோடு நடந்த வழக்கின் இரு கட்சிகளும் அச்சிறுவனுள்ளே அன்றே குடியிருந்தன.

குஸ்ரூ தம் கவிதைகளைத் தொகுத்த முறை பாரசீக இலக்கியத்தில் தனித்து நிற்பது. பெருங்கவிஞர் பலருடைய தீவான்கள் அவர்கள் மறைந்த பின்னர் பிறரால் திரட்டப்பட்டவை. குஸ்ரூவோ தம் வாழ்நாளிலேயே பருவம் பருவமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அப்பருவத்தையே பெயராகச் சூட்டினார். பதினாறு முதல் பத்தொன்பது வயது வரை எழுதியவை "துஹ்ஃபதுஸ் ஸிகர்", இளமையின் காணிக்கை. ஏறத்தாழ முப்பத்து நான்கு வயது வரையிலானவை "வஸதுல் ஹயாத்", வாழ்வின் நடுப்பகுதி. 1294 இல் நிறைவெய்திய மூன்றாவது "குர்ரதுல் கமால்", நிறைவின் தொடக்க ஒளி. 1316 அளவில் தொகுத்தது "பகிய்ய நகிய்யா", எஞ்சியவற்றுள் தூயது. இறுதியானது "நிஹாயதுல் கமால்", நிறைவின் எல்லை. அது முற்றுப்பெற்ற 1325 ஆம் ஆண்டே அவர் வாழ்வும் முற்றுப்பெற்றது.

இப்பெயர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒரு மனிதர் தம் வளர்ச்சிக்குத் தாமே எழுதிய பொருளடக்கம் போல் அவை தோன்றும். முந்தைய பருவத்தின் குறைகளை மறைக்க வேண்டும் என்ற ஆசை எக்கலைஞருக்கும் எழக்கூடியது. இளமைப் பாடல்களைத் திருத்தி முதிர்ந்தவைபோல் காட்டலாம், அல்லது எரித்துவிடலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. பால்பற்கள் விழும் வயதிலேயே தம் வாயிலிருந்து பாடல்களும் விழுந்தன என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டு, அப்பருவத்தை அதன் இடத்திலேயே இருக்க விட்டார். அப்பருவத்துக்குரிய புனைபெயராகிய "சுல்தானி" என்பதுகூட முதல் தீவானில் அப்படியே நிற்கிறது.

நான்கு நிபந்தனைகள்

குஸ்ரூவின் நூல்களுள் திறனாய்வாளர் மீண்டும் மீண்டும் செல்ல வேண்டிய இடம் "குர்ரதுல் கமால்" முன்னுரை. நாற்பது வயதைக் கடந்து, புகழின் உச்சியை நெருங்கிய நேரத்தில் எழுதப்பட்டது. அதில் தற்பெருமைக்குக் குறைவில்லை. இந்தியக் கவிஞர்களின் ஆற்றலைப் பற்றி அவர் பேசும்போது தம்மையும் அவர்களோடு சேர்த்தே பேசுகிறார். ஆயினும் அதே முன்னுரையில், கவிதையில் ஆசான் எனப்படுவதற்குரியவர் யார் என்ற வினாவை எழுப்பி, அவர் வகுக்கும் அளவுகோல் வியப்பளிப்பது.

ஆசானுக்கு நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்கிறார். தனக்கெனத் தனி நடையொன்றைத் தோற்றுவித்திருக்க வேண்டும். சொற்கள் கவிஞர் மரபில் அமைய வேண்டும். உபதேசம் செய்வோர், சூபிகள் ஆகியோரின் பாங்கில் அமைதல் கூடாது. பிழைகள் அற்றிருக்க வேண்டும். பிறர் கவிதையைத் திருடி ஒட்டுப்போடுதல் கூடாது.

அளவுகோலை வகுத்தவர் அடுத்து அதைத் தம்மீதே வைத்துப் பார்க்கிறார். நான்கில் இரண்டே தம்மிடம் உண்டு என்கிறார். தாம் திருடியதில்லை, உபதேசியின் பாங்கில் பாடியதுமில்லை. ஆனால் தனி நடை தமக்கு இல்லை. அறவுரையில் ஸனாயியையும் காகானியையும், கஜலிலும் மஸ்னவியிலும் ஸஅதியையும் நிஜாமியையும், கஸீதாவில் கமாலுத்தீன் இஸ்மாயீலையும் ரஜியுத்தீன் நைஷாபூரியையும் பின்பற்றி வந்திருப்பதாக ஒப்புகிறார். பிழையே இல்லை என்று சொல்லிக்கொள்ளவும் அவர் துணியவில்லை. ஆகவே தாம் ஆசானல்லர், மாணாக்கரே என்று முடிக்கிறார்.

இதை அவையடக்கம் என்று சொல்லித் தள்ளிவிடுதல் எளிது. அவையடக்கம் பொதுப்படப் பேசும், பெயர் சொல்லாது. இங்கே எவ்வகைப் பாட்டில் எவரைப் பின்பற்றினோம் என்று பட்டியலிட்டுச் சொல்கிறார். கடன்பட்டவர் கணக்கேட்டைத் திறந்து வைப்பதுபோல் இருக்கிறது அது.

அவர் ஒப்பிய இரு குறைகளும் எங்கிருந்து வந்தன? கஸீதா, கஜல், மஸ்னவி, உரைநடை, வரலாறு, விடுகதை, இசை எனப் பல துறைகளில் ஒரே காலத்தில் கைவைத்தவர் அவர். ஒவ்வொரு துறையிலும் நுழையும்போது அத்துறையின் தலைமகன் ஒருவரைப் பற்றிக்கொண்டு நுழைந்தார். பல வாயில்களில் நுழைபவருக்குப் பல வழிகாட்டிகள் தேவைப்பட்டனர். பன்முகத் திறத்துக்கு அவர் கொடுத்த விலை இதுவென்று அவரே உணர்ந்திருந்தார். நம் காலத்தில் அவரைப் போற்றுவோர் பன்முகத் திறத்தைப் பாராட்டும் வேகத்தில் இந்த விலையைச் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

எனினும் ஓரிடத்தில் குஸ்ரூவின் தீர்ப்போடு நாம் மாறுபட வேண்டியிருக்கிறது. கஜலில் தமக்குத் தனி நடை இல்லை என்று அவர் கருதியது சரியன்று. "ஸியருல் அவ்லியா" என்னும் நூலின்படி, இஸ்பஹானியர் பாங்கில், காதலைக் கிளர்த்தும் வகையில் பாடுக என்று ஹஜ்ரத் நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்கள் அவருக்கு வழிகாட்டினார்கள். அவ்வழி சென்ற குஸ்ரூவின் கஜல்களைக் காணுங்கள். சொற்கள் எளியவை, தொடர்கள் குறியவை, அடியிறுதியில் திரும்பத் திரும்ப வரும் சொல் ஒவ்வொரு முறையும் சற்றே வேறு பொருள் கொண்டு திரும்புகிறது. பாடுபவர் எங்கே மூச்செடுப்பார், எங்கே ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்துவார், கேட்போர் எந்தச் சொல்லை எதிர்பார்த்துக் காத்திருப்பர் என்றெல்லாம் அறிந்தவரே இங்ஙனம் எழுத முடியும். கவிஞராகிய குஸ்ரூவுக்கு நடை அளித்தவர் இசைஞராகிய குஸ்ரூவே. அணிகலன் என்று அவர் ஒதுக்கிய கலை, அவர் மணமகளின் நடையிலேயே கலந்திருந்தது.

அரசவையும் எழுத்தறையும்

பல கலைகளுக்கிடையே நேரத்தைப் பங்கிடுவதே ஒரு போராட்டம். குஸ்ரூவுக்கோ கலைகளுக்கும் பிழைப்புக்கும் இடையிலும் பங்கிட வேண்டியிருந்தது. இளவரசர் முஹம்மதின் பரிவாரத்தில் முல்தானில் ஐந்தாண்டுகள் இருந்தார். 1285 இல் மங்கோலியரோடு நடந்த போரில் இளவரசர் வீழ்ந்தார். குஸ்ரூ சிறைப்பட்டுத் தப்பிவந்தார். பின்னர் கைகுபாத், ஜலாலுத்தீன் கல்ஜி, அலாவுத்தீன் கல்ஜி, முபாரக் ஷா, கியாஸுத்தீன் துக்ளக் எனச் சுல்தான்கள் மாறிக்கொண்டேயிருந்தனர். கவிஞர் மட்டும் அவையில் நின்றார். ஜலாலுத்தீனின் அவைக்கு அவர் நாள்தோறும் புதிய கஜல்களைக் கொண்டுவருவார் என்று வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரனி எழுதுகிறார்.

நாள்தோறும் புதியது! கேட்பதற்குப் பெருமையாக இருக்கிறது. நிற்பவரின் கால் வலியைக் குஸ்ரூவே மற்றோரிடத்தில் சொல்கிறார். நிஜாமியின் ஐம்பெருங் காப்பியங்களுக்கு விடையாக அவர் பாடிய ஐந்து மஸ்னவிகளும் 1298 முதல் 1302 வரையிலான சில ஆண்டுகளுக்குள் முடிந்தவை. அவற்றுள் முதலாவதாகிய, மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஈரடிகள் கொண்ட "மத்லவுல் அன்வார்" இரண்டு வாரங்களில் எழுதப்பட்டது. "மஜ்னூன் லைலா"வின் முடிவுரையில் நிஜாமியோடு தம்மை ஒப்பிடும்போது அவர் குரல் மாறுகிறது. நிஜாமிக்கு வேறு தொழிலில்லை. அமைதியான மூலையில் இருந்து ஒன்றையே செய்தார். தாமோ கொதிக்கும் பானைபோல் வெந்து, இரவும் பகலும் ஓய்வின்றி, வயிற்றுக்காகத் தம்மைப் போன்ற மற்றொரு மனிதர்முன் நிற்க வேண்டியிருக்கிறது என்று நெஞ்சு புழுங்குகிறார். அதே நூலின் இறுதியில்தான் தாயையும் இளைய சகோதரரையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்த துயரையும் பாடுகிறார். அவசரமும் இழப்பும் சூழ எழுதிய அக்காப்பியங்களைப் பின்னாளில் ஜாமீ பெரிதும் மதித்தார். நிஜாமிக்கு எழுந்த விடைகளுள் குஸ்ரூவினுடையதே சிறந்தது என்பது அவர் கருத்து.

அரசவை நேரத்தை மட்டும் பறிக்கவில்லை. 1296 இல் ஜலாலுத்தீனைக் கொன்று அலாவுத்தீன் அரியணை ஏறினார். நேற்று வரை கஜல் கேட்டவரைக் கொன்றவருக்கு இன்று புகழ்மாலை சூட்டினார் குஸ்ரூ. அலாவுத்தீனின் வெற்றிகளைக் கூறும் "கஸாயினுல் ஃபுதூஹ்" என்னும் உரைநடை நூல் அக்கொலையைப் பேசாமலே கடந்துவிடுகிறது. 1311 இல் மாலிக் காபூர் நம் தமிழ் மண்ணாகிய மஅபரைச் சூறையாடியதை அந்நூல் உவமையின் மேல் உவமையடுக்கிக் கொண்டாடுகிறது. நீரைப் பற்றிய சொற்களாலேயே ஒரு பகுதி, விண்மீன்களைப் பற்றிய சொற்களாலேயே ஒரு பகுதி எனச் சொல்விளையாட்டு நடக்கிறது. அதனடியில் ஊர்கள் எரிகின்றன. பாண்டியன் பக்கம் நின்ற இந்நாட்டு முஸ்லிம்கள் சிலர் கலிமா சொல்லத் தெரிந்தமையால் உயிர் பிழைத்தனர் என்ற செய்தியும் அங்கே போகிறபோக்கில் வருகிறது. தமிழ் முஸ்லிம் ஒருவர் அப்பக்கங்களை அமைதியாகப் படித்துச் செல்லுதல் இயலாது. கலைத்திறன் அங்கே உண்டு; கலைஞர் அங்கே இல்லை.

ஆனால் அவரை அங்கேயே நிறுத்திவிடுதல் நேர்மையாகாது. இளவரசர் கிஜிர் கானுக்கும் தேவல் ராணிக்கும் இடையிலான காதலை அவர் 1316 இல் மஸ்னவியாகப் பாடி முடித்தார். கிஜிர் கான் கண் பறிக்கப்பட்டு, பின்னர் முபாரக் ஷாவின் கட்டளையால் கொல்லப்பட்டார். குஸ்ரூ அந்த முபாரக் ஷாவின் அவைக் கவிஞர். ஆயினும் முடிந்துபோன காப்பியத்தை மீண்டும் திறந்து, கிஜிர் கானின் கொடிய முடிவை அதனோடு சேர்த்துப் பாடி வைத்தார். வரலாறு எழுதியவர் வாய்மூடிய இடத்தில் காவியம் பாடியவர் வாய்திறந்தார். ஒருவருக்குள் பல கலைஞர்கள் வாழ்வதில் இப்படியும் ஒரு நன்மை உண்டுபோலும்: ஒருவர் தவறும்போது மற்றவர் சான்று சொல்கிறார்.

அதே முபாரக் ஷாவுக்காக 1318 இல் இயற்றிய "நுஹ் ஸிபிஹ்ர்" நூலில் இந்நாட்டு மொழிகளை எண்ணிச் செல்லுமிடத்தில் சிந்தி, காஷ்மீரி, தெலுங்கு, வங்காளம் முதலியவற்றோடு மஅபரியையும் குறிக்கிறார். ஏழாண்டுகளுக்கு முன்னர் படையெடுப்பின் இலக்காக மட்டும் அவர் எழுத்தில் வந்த நாடு, அறுபத்தைந்தாம் வயதில் ஒரு மொழியின் இருப்பிடமாக வருகிறது. வளர்ச்சி என்பது இதுவும்தான்.

கட்டிய கதைகளும் கைவந்த சான்றுகளும்

இசைஞராகிய குஸ்ரூவைப் பற்றி உலவும் செய்திகளை இங்கே சலித்தெடுக்க வேண்டும். சித்தாரைக் கண்டுபிடித்தவர், தபேலாவை அமைத்தவர், கயாலைத் தோற்றுவித்தவர், கவ்வாலியின் தந்தை என்றெல்லாம் பட்டியல் நீள்கிறது. 1975 இல் நம் நாட்டில் அவருக்கு எழுநூறாவது ஆண்டு விழா எடுக்கப்பட்டபோதும் இப்பட்டியல் மேடைகளில் ஒலித்தது, இன்றும் ஒலிக்கிறது. ஆனால் தம் திறமைகளை ஒளித்துவைக்கும் இயல்பற்ற குஸ்ரூ, தம் நூல்களில் எவ்விடத்திலும் இக்கருவிகளைத் தாம் படைத்ததாகக் கூறவில்லை. சித்தார் தில்லியில் பேசப்படுவது பதினெட்டாம் நூற்றாண்டில். அக்காலத்து இசைவாணர் குஸ்ரூ கான் என்பவரின் பெயர் ஒற்றுமையால் இக்குழப்பம் விளைந்தது என்பது அறிஞர் கருத்து. தபேலாவின் வரலாறும் அந்நூற்றாண்டோடு தொடர்புடையதே. அரியணைக்கடியில் ஒளிந்திருந்து கோபால் நாயக்கரின் பாட்டைக் கற்று அவரை வென்றார் என்னும் கதையும், குஸ்ரூ மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிந்தபின் 1666 இல் ஃபகீருல்லாஹ் எழுதிய "ராக தர்ப்பணம்" சொல்வதே.

கைவந்த சான்றுகள் எவை? அவரோடு பழகிய பரனி, இசையறிவிலும் அவர் நிறைவு பெற்றவர் என்று சான்று பகர்கிறார். "கிரானுஸ் ஸஅதைன்" மஸ்னவி அவைக்களத்து இசைக்கருவிகளை அருகிருந்து கண்டவரின் கண்ணோடு வருணிக்கிறது. "இஃஜாஸே குஸ்ரவி" என்னும் பெரிய உரைநடை நூல் பாடகரையும் கருவிகளையும் பற்றித் தொழிலறிந்தவராய்ப் பேசுகிறது. "நுஹ் ஸிபிஹ்ர்" இந்திய இசையை நெஞ்சை எரிக்கும் நெருப்பென்று போற்றுகிறது. வெளிநாட்டார் முப்பது நாற்பது ஆண்டுகள் இங்கே தங்கினும் அதைச் சரிவரப் பாட இயலுவதில்லை என்றும், அவ்விசையில் மயங்கிய மான் வேடன்முன் அசையாது நின்றுவிடும் என்றும் கூறுகிறது. இவற்றின் மேல் அவருடைய தன்னுரை: எழுதக் கூடுமாயின் மூன்று தொகுதிகள்.

இது போதாதா? கருவி செய்த தச்சராகவும் அவரை ஆக்கினால்தான் பெருமை நிரம்புமா? பொய்ப்புகழ் கலைஞரை உயர்த்துவதில்லை. அவர் மெய்யாகச் செய்ததை மூடிவிடுகிறது. நான்கு நிபந்தனைகளில் இரண்டே என்னிடம் உண்டு என்று கணக்கு ஒப்புவித்தவரின் பெயரில், அவர் அறியாத வரவுகளை நாம் எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தராசின் மறுதட்டு

இனி, முதல் வினாவுக்குத் திரும்புவோம். இசையை அணிகலன் என்றது பிழையா?

குஸ்ரூவின் படைப்பு மூன்று வழிகளில் நம்மை வந்தடைந்திருக்கிறது. பாரசீகக் கவிதைகளை அவர் எழுதினார், தொகுத்தார், பெயரிட்டார். ஐயமின்றி அவை அவருடையவை. இசையை எழுத வழியில்லை. அவர் அமைத்த மெட்டு இதுதான் என்று இன்று எவரும் ஆணையிட்டுச் சொல்லவியலாது. இரண்டுக்கும் நடுவே ஹிந்தவி மொழிப் பாடல்கள் இருக்கின்றன. "குர்ரதுல் கமால்" முன்னுரையில், ஹிந்தவியில் பாடிய சிலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டதாக அவர் குறிப்பிடுகிறார். அவற்றுக்குத் தீவான் அமைக்கவில்லை; பருவப் பெயர் சூட்டவில்லை. எழுத்தில் வைக்கத் தகுந்ததை அவர் எழுத்தில் வைக்காமல் விட்டது இது ஒன்றைத்தான்.

விளைவு என்ன? அவை இசையின் கதியை அடைந்தன. வாயிலிருந்து வாய்க்குச் சென்று, ஊருக்கு ஊர் உருமாறி, பிறர் பாடலும் அவர் பெயரில் சேர்ந்து, இன்று எது அவருடையது என்று பிரித்தறிய முடியாத வெள்ளமாகிவிட்டன. அவர் இயற்றியதாக நெடுங்காலம் பள்ளிகளில் பயின்ற "காலிக் பாரி" என்னும் சொற்கோவைகூட அவருடையதன்று, பிற்காலத்தவர் ஒருவருடையது என்று அறிஞர் மஹ்மூத் ஷீரானி வாதிட்டிருக்கிறார். ஆனால் மக்கள் நெஞ்சில் குடிகொண்டவை இந்த ஹிந்தவிப் பாடல்களே. மணப்பெண் விடைபெறும் வேளையிலும் பருவ மழையின் போதும் வட இந்தியப் பெண்கள் பாடுவனவற்றுள் குஸ்ரூ பெயரால் வழங்குவன பல.

ஆகவே, அன்று வழக்கிட்ட இருவரும் தத்தம் அளவில் வென்றனர் என்றே சொல்ல வேண்டும். எழுதியதே நிலைக்கும் என்றவரின் எழுத்து, மாசுபடாமல் நிலைத்திருக்கிறது. எழுத்துக்கு அடங்காததே அரியது என்றவரின் இசை, எழுதியவரையே சுமந்துகொண்டு தலைமுறை தாண்டியது. கவ்வாலி பாடுவோர் குஸ்ரூவின் கஜலைப் பாடும்போது மெட்டு தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கும், சொல் மாறவில்லை. அணிகலன்கள் மாறின, மணமகள் மாறவில்லை என்று குஸ்ரூ பெருமிதம் கொள்ளலாம். அணிகலன் இல்லாதிருந்தால் மணமகளை யார் திரும்பிப் பார்த்திருப்பர் என்று அப்பாடகர் மடக்கலாம்.

குஸ்ரூ தம் கலைகளுக்கிடையே தீர்வு கண்டுவிட்டார் என்று நான் கருதவில்லை. அவருக்கு இரண்டு வாயில்கள் இருந்தன: ஒன்று சுல்தானின் வாயில், மற்றொன்று சுல்தான்களைத் தம் இல்லத்தில் ஏற்க மறுத்த ஹஜ்ரத் நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் வாயில். ஐந்து மஸ்னவிகளிலும் இறைவன் புகழும் நபிகளார் (ஸல்) புகழும் முடிந்தவுடன் குருவின் புகழ் வருகிறது; அதன் பின்னரே சுல்தானின் புகழ். அந்த வரிசை ஒரு தீர்வன்று. தீர்வில்லாத வாழ்க்கையில் எது முதல், எது அடுத்தது என்ற நினைவு மட்டும் தவறாதிருக்க அவர் செய்துகொண்ட ஏற்பாடு. 1325 ஆம் ஆண்டில் குருநாதர் மறைந்தபோது அவர் சுல்தானின் பயணத்தோடு வங்கத்தில் இருந்தார். கடைசி வேளையில் அருகிருக்க இயலவில்லை. திரும்பிவந்து ஆறு மாதம் துயருற்றிருந்து தாமும் மறைந்தார். இன்று அவர் உறங்குவது அரண்மனை வாயிலில் அன்று, குருவின் காலடியில்.

ஒன்றுக்கு மேற்பட்ட கலைகளில் ஈடுபடுவோர் நம்மிடையே பலர் உண்டு. எழுதுவோர் பாடுகின்றனர், பாடுவோர் நடிக்கின்றனர், பிழைப்புக்கு வேறொரு தொழிலும் பார்க்கின்றனர். எல்லாவற்றையும் எங்ஙனம் சமன்செய்வது என்பது அவர்கள் ஏக்கம். சமன்செய்யும் வித்தையைக் குஸ்ரூவிடம் கற்க இயலாது. அவருக்கே அது முழுமையாகக் கைகூடவில்லை. கற்கக் கூடியது வேறொன்று. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் சற்றே நின்று, செய்தவற்றை ஒன்றுவிடாமல் அடுக்கி, இது இளமை, இது நடுப்பகுதி, இது எஞ்சியது என்று உண்மையான பெயரை எழுதி ஒட்டிவிட்டு மேலே நடந்தார் அவர். கடன்பட்டவர்களின் பெயர்களையும் எழுதினார். எழுத முடியாத மூன்று தொகுதிகளுக்கும் அக்கணக்கில் ஓர் இடம் விட்டு வைத்தார். அந்த வெற்றிடத்தில்தான் இன்றும் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கிறது.